நான்கே நாளில் செத்த இரண்டாவது ஈசியு

மொத்தம் 3,980 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். ஆறு வாரத்தில் என் எஸ்யூவிக்காகக் கைவிட்டுப் போன பணம்; எல்லாம் ஈசியு என்ற, இஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியைச் சுற்றித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ரசீதையும் மேசையில் பரப்பி, எது உண்மையிலேயே தேவைப்பட்டது என்று பேனாவால் வட்டம் போட்டுப் பார்த்தேன். வட்டத்துக்குள் வந்தது 1,290 வெள்ளிதான். மீதி 2,690 வெள்ளி அவசரத்துக்கும் அனுமானத்துக்கும் கொடுத்த தண்டம். அதை இன்னொருவர் கட்ட வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

காடியின் பெயர் வேண்டாம். கொரியத் தயாரிப்பு, 2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், 2011ல் பதிவானது. வீடு நிலப்பக்கம் பிறை என்ற ஊரில், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெபாஸில். அதனால் வாரத்தில் ஐந்து நாளும் பினாங்குப் பாலத்தில் ஏறி இறங்கும். 1985ல் திறந்த பழைய பாலம்; 13.5 கிலோமீட்டர். காலையில் அவ்வளவாகத் தொல்லை இல்லை. மாலையில் தீவுப் பக்கம் பாலத்தில் ஏறுவதற்குள் ஒருவருக்குத் தலை நரைத்துவிடும். இந்த மாலை நெரிசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம். முக்கால் மணி நேரம் ஊர்ந்து, பாலத்தில் ஏறி, கடலுக்கு மேல் வந்த பிறகு இஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. இருந்த வேகத்தில் இடது ஓரம் ஒதுங்கி, நான்கு விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனது. ரோந்து வண்டி வந்து, பின்னால் கூம்புகளை அடுக்கி முடித்த அந்த நிமிடத்தில் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனது. கூம்பைக் கையில் வைத்திருந்த பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த மூன்று வாரக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்லும்போதே எரிகிறது. வீட்டருகில் ஒரு பட்டறை. முதலில் பிளக், இஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைக் கழுவுதல், 280 வெள்ளி. மறுபடி அணைந்தது. பேட்டரி, 390. மறுபடி. இஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், 320. மறுபடி. பெட்ரோல் பம்ப், 550. நான்கு முறையும் "இப்ப சரியாயிடும்" என்றார் போர்மேன், அதாவது பட்டறை மெக்கானிக். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சூடானால் அணைந்து, ஆறினால் பிடிக்கும் காடி என்றால் யாரும் கிராங்க் சென்சாரைத்தான் முதலில் நினைப்பார்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைக்கூட அளக்கவில்லை என்பதுதான் தப்பு. அளந்தீர்களா என்று கேட்காத எனக்கும் அதில் பாதி.

பம்ப் மாற்றியும் நின்ற பிறகுதான் எனக்குப் புத்தி வந்து ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, மழையா வெயிலா. பத்து நாளில் ஒரு கோலம் தெரிந்தது. காலையில் ஒருமுறைகூட அணையவில்லை. ஈப்போ வரைக்கும் நெடுஞ்சாலையில் போய் வந்தேன், அணையவில்லை. மழை நாளில் அணையவில்லை. வெயில் மாலை, ஊர்ந்து போகும் நெரிசல், இரண்டும் சேர்ந்தால் மட்டும் அணைந்தது. இஞ்சின் வெப்பமானி முள் எப்போதும் நடுவில்தான் நின்றது. ஆகவே இஞ்சின் சூடாகவில்லை. பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லாமல் வேறு எதுவோ சூடாகிறது.

நோட்டோடு பட்டர்வொர்த்தில் ஒரு வயரிங் கடைக்குப் போனேன். மலேசியாவில் காடி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், போர்மேன் வேறு, வயர்மேன் வேறு. இந்த அண்ணன் நாற்பது வருடமாக வயர் மட்டுமே பார்க்கிறவர். நோட்டைப் பொறுமையாகப் படித்தார். எனக்கு அதுவே பாதி நிம்மதி.

"தம்பி, அணைஞ்ச பிறகு சாவியை ஆன்ல வச்சா, மஞ்ச இஞ்சின் லைட் எரியுதா?"

தெரியவில்லை. கவனித்ததே இல்லை.

"அப்ப இன்னொரு தடவை அணையட்டும். மூணு விஷயம் பாரு. அந்த லைட். ஸ்டார்ட்டர் சுத்தறப்ப ஆர்பிஎம் முள்ளு லேசா எழும்புதா. அப்புறம் உன்கிட்ட இருக்கிற அந்தக் குட்டி ஸ்கேனர் கனெக்ட் ஆவுதா. எதையும் கழட்டாதே."

இரண்டு நாள் கழித்து சுங்கை நிபோங்கில் சிக்னலில் நின்றபோது அணைந்தது. பார்த்தேன். இஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆர்பிஎம் முள் செத்துக் கிடந்தது. ஸ்டியரிங் அடியில் செருகியிருந்த புளூடூத் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் ஈசியுவோடு தொடர்பு இல்லை என்றது. அந்த 16 முனைச் செருகியில் 16ஆவது முனைக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வரும். அதனால் ஸ்கேனரில் விளக்கு எரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது யாரோடு பேசுகிறது என்பதுதான் கேள்வி. இஞ்சின் விளக்குச் சோதனையும் எல்லாக் காடிக்கும் பொருந்தாது. சில புது மாடல்களில் ஈசியு பேசாவிட்டால் மீட்டரே அந்த விளக்கைப் போட்டுவிடும். என் காடியில் அப்படி இல்லை. ஆக, மூன்றும் சேர்ந்து ஈசியு பேசவில்லை என்றே காட்டின.

இழுவை லாரி, 150 வெள்ளி. கடைக்கு வந்து சேர்ந்தபோது காடி ஆறி, ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. அண்ணன் அசரவில்லை. பானெட்டை மூடி, ஏர்கோன் போட்டு, நடு வெயிலில் ஓடவிட்டார். நாங்கள் எதிரில் தேதாரே குடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஐம்பதாவது நிமிடம் அணைந்தது. குவளையை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம்.

அன்று அவர் செய்த வரிசையை நான் அப்படியே எழுதி வைத்தேன். ஈசியு செத்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த வரிசையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. நல்லது. அடுத்து ஈசியுவுக்கு வரும் மின்சாரம். இங்கே அவர் மீட்டரை வைக்கவில்லை. பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருந்தார், அதை எடுத்தார். "மீட்டர் பொய் சொல்லும் தம்பி. நூறு இழையில ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் 12 வோல்ட்டுனு காட்டும். பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் கேக்கும். அந்த ஒரு இழையால குடுக்க முடியாது, மங்கலா எரியும்." பல்பு மூன்று வயரிலும் பளிச்சென்று எரிந்தது. மெயின் ரிலே சரி, ஃபியூஸ் சரி. பிறகு எர்த். ஈசியுவின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் மின்சாரம் ஓடும்போது 0.03 வோல்ட். 0.1ஐத் தாண்டினால்தான் கவலை.

அடுத்ததுதான் முக்கியம். ஈசியு தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்பும். அது இருந்தால் ஈசியுவுக்குள் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். த்ராட்டில் செருகியில் பார்த்தார். 0.4 வோல்ட். நான் உடனே, அப்படியானால் ஈசியுதானே என்றேன். தலையை ஆட்டினார். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட்டாகி எர்த்தைத் தொட்டாலும் அந்த 5 வோல்ட் கீழே இழுபட்டு, ஈசியு ஊமையாகிவிடும். நல்ல ஈசியுவைக் கழற்றிப் போடுகிறவர்களில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான் என்றார். ஒவ்வொரு சென்சாராகச் செருகியைக் கழற்றி, ஒவ்வொரு முறையும் 5 வோல்ட் திரும்புகிறதா என்று பார்த்தார். கடைசிச் சென்சார் வரைக்கும் திரும்பவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகியில் 6ஆவது முனைக்கும் 14ஆவதுக்கும் நடுவே மின்தடை பார்த்தார். 60 ஓம். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் என்ற இரட்டை வயரின் இரு நுனியிலும் 120 ஓம் தடை இருக்கும். இரண்டும் சேர்ந்து 60 வந்தால் வயர் அறுபடவில்லை. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டியில் பதிவாகியிருந்த கோடு, அதாவது பழுதுக் குறியீடு, யு0100. இஞ்சின் பெட்டி பேசவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதி வைத்த புகார் மாதிரி அது.

மறுநாள் இன்னொரு சோதனை. காடி ஆறியிருந்தது. ஈசியு பேட்டரிக்குப் பக்கத்தில், பானெட்டுக்குள் இருக்கிற மாடல். வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மனைவியிடம் எதற்கென்று சொல்லாமல் எடுத்துப் போனேன். இஞ்சின் ஓட, ஈசியு பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினார். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் இதற்கு ஆகாது, போர்டையே வேகவைத்துவிடும். பதினோராவது நிமிடம் இஞ்சின் அணைந்தது, 5 வோல்ட்டும் கூடவே போனது. ஈரத் துணி போட்டு ஆற்றினால் திரும்ப வந்தது. இரண்டு முறை செய்து பார்த்தோம், இரண்டு முறையும் அப்படியே.

ஈசியுதான். இதற்கெல்லாம் அண்ணன் வாங்கிய கூலி 180 வெள்ளி.

புதுசு வாங்கினால் நாலாயிரத்துக்கு மேல், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில் அதே பெட்டி 650 வெள்ளி. முன்பாதி இஞ்சினோடு வெட்டி கன்டெய்னரில் வரும் காடிகளிலிருந்து கழற்றியது. இங்கே இரண்டு விஷயம். ஒன்று, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். உருவமும் செருகியும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் கையால் மாற்றும் கியருக்கு ஒரு எண், ஆட்டோ கியருக்கு வேறு எண். இரண்டாவது, பழைய பெட்டி. தவுக்கே, அதாவது கடை முதலாளி, மலாயில் கேட்டார், "போஸ், பழசைக் கொடுத்துவிட்டுப் போங்கள், 100 வெள்ளி கழித்துத் தருகிறேன்." நல்ல பேரம்தான் என்று கையை நீட்டிவிட்டேன். கூட வந்த அண்ணன் என் முழங்கையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளல்தான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது.

சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதன் அடையாளம் ஈசியுவுக்குத் தெரியும். வேறு காடியின் ஈசியுவை வைத்தால் அது உங்கள் சாவியை ஏற்காது. நாங்களும் சும்மா வைத்துப் பார்த்தோம்: இரண்டு விநாடி ஓடி அணைந்தது, சாவி விளக்கு கண்ணைச் சிமிட்டியது, ஸ்கேனர் யாரோ ஒருவருடைய காடியின் சேசிஸ் எண்ணைக் காட்டியது. அந்த யாரோ இப்போது எங்கே என்ன ஓட்டுகிறாரோ! வழி இரண்டு. அந்தப் பழைய காடியின் ரகசிய எண் தெரிந்தால் பெட்டியை வெறுமையாக்கிப் புதிதாகச் சாவி பதியலாம். இல்லையென்றால் என் பெட்டியின் நினைவை அப்படியே நகலெடுத்து இதில் ஏற்றலாம். தீவில் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவர் 350 வெள்ளிக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். ஆறிய நிலையில் என் பழைய பெட்டி உயிரோடு இருந்ததால்தான் படிக்க முடிந்தது. முழுக்கச் செத்த பிறகு போயிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கலாம். பெட்டி விட்டு விட்டு மக்கர் செய்கிற காலத்திலேயே நகலை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, செருகியின் நெம்புகோலை மெதுவாகத் திறந்து எடுக்க வேண்டும். அரை மணி வேலை. காடி பஞ்சு போல ஓடியது. நானும் வீட்டில் வீரனாக நடமாடினேன்.

நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலையில், இந்த முறை நெரிசலே இல்லாமல், இஞ்சின் நடுங்கியது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அது அப்படிச் சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக்கைச் சுடுகிறது என்று பொருள், ஓட்டக்கூடாது. மறுபடி லாரி, 150 வெள்ளி. கோடு பி0353. மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்குப் பொறி தரும் காயில்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பாலத்தில் முதல்முறை நிற்பதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒருநாள் விளக்கு எரிந்து, என் குட்டி ஸ்கேனரில் பி0353 வந்தது. காடி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அழித்துவிட்டேன். அண்ணனிடமோ, போர்மேனிடமோ சொல்லவும் இல்லை. அதற்கும் ஒரு வருடம் முன்னால், அதே மூன்றாவது காயிலை இணையத்தில் 45 வெள்ளிக்கு வாங்கி நானே மாட்டியிருந்தேன். அதையும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் உண்மையை மறைத்த நோயாளி நான்.

அண்ணன் நான்கு காயிலையும் கழற்றி மின்தடை பார்த்தார். இவ்வளவு சின்ன அளவுக்கு மீட்டரின் இரண்டு கம்பிகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான்கும் 0.7 ஓம். எல்லாம் நல்லது! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அவர் ஒன்றும் பேசாமல் ஹேர் டிரையரை எடுத்தார். மூன்று காயில்கள் சூடேறச் சூடேற 0.7க்குச் சற்று மேலே போயின. செம்பு சூடானால் தடை கூடவேண்டும், அதுதான் இயற்கை. நான் வாங்கிய 45 வெள்ளிக் காயில் மட்டும் 0.6, 0.4, கடைசியில் 0.2 என்று இறங்கியது. உள்ளே வயர்ச் சுற்றுகளின் பூச்சு சூட்டில் விட்டுப்போய் ஒன்றையொன்று தொடுகிறது. ஆறினால் விலகிவிடும், யாரிடமும் மாட்டாது.

என் காடியில் காயில் செருகிக்கு இரண்டே வயர். காயிலுக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் டிரான்சிஸ்டர் ஈசியுவுக்குள் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூன்று, நான்கு வயர் வருகிற காயிலில் அந்த டிரான்சிஸ்டர் பெரும்பாலும் காயிலுக்குள்ளேயே இருக்கும், செத்தால் காயிலோடு போகும். என் விஷயத்தில் காயிலின் தடை இறங்க இறங்க, மூன்று மடங்கு மின்சாரம் ஈசியுவுக்குள் பாய்ந்திருக்கிறது. ஒரு வருடமாக முதல் பெட்டியை மெல்லச் சுட்டது அதுதான். இரண்டாவது பெட்டியை நான்கே நாளில் முடித்துவிட்டது. எய்தவன் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்க, நாங்கள் அம்பை மாற்றிக்கொண்டிருந்தோம்.

இனி இன்னொரு 650 கொடுக்க மனம் வரவில்லை. மனைவியின் தாய்மாமா பாயான் லெபாஸ் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1972லிருந்து அங்கே சில்லும் போர்டும் செய்கிறார்கள். பினாங்கில் ஏதாவது ஒரு குடும்பக் கூட்டத்தில் விசாரித்தால், மைக்ரோஸ்கோப்பில் ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். கிள்ளு வாங்கிக் காப்பாற்றிய பழைய பெட்டியை அவரிடம் கொடுத்தேன்.

பெட்டி ஓரத்தின் ரப்பர் பசையை மெதுவாக அறுத்துத் திறந்தார். "நல்லவேளை மாப்பிள்ளை, சாதா போர்டு. ஜெல் ஊத்தி, முடி மாதிரி கம்பி போட்டிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்." மூன்றாவது காயிலின் டிரான்சிஸ்டரைச் சுற்றிப் போர்டு தேயிலைக் கறை நிறத்தில் கருகியிருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் 5 வோல்ட் தரும் பாகம். அதன் கால்களில் ஈயம் மோதிரம் போல் விரிசல் விட்டிருந்தது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். என் நோட்டில் பத்து நாளாக எழுதியதை அந்த விரிசலில் பார்த்தேன். டிரான்சிஸ்டரை மாற்றி, விரிசலுக்கெல்லாம் புதிதாக ஈயம் வைத்து, புதுப் பசை போட்டு மூடினார். பாகம் 60 வெள்ளி. மீதியை வேண்டாம் என்றவர் கையில் திணித்து 400 ஆக்கினேன்.

அண்ணன் இந்த முறை பெட்டியை உடனே மாட்டவிடவில்லை. ஈசியு இயக்கும் ஒவ்வொன்றையும் சூடாக்கி அளந்தார்: பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கும் 12 ஓமுக்கும் 15 ஓமுக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று சமமாக, வால்வு நேரத்தை மாற்றும் ஆயில் வால்வு 7 ஓம் அளவில். நான்கு அசல் காயில், 560 வெள்ளி. கெட்டது ஒன்றுதானே, மற்ற மூன்றும் எதற்கு என்று பேரம் பேசினேன், பதிலே சொல்லாமல் மாட்டினார். பெட்டி என்னுடையதே என்பதால் சாவி பதியும் வேலை இல்லை. நகல் எடுக்கும் வேலையும் இல்லை. த்ராட்டில் தன் நிலையைக் கற்றுக்கொள்ள சாவி ஆனில் கொஞ்ச நேரம், அப்புறம் ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் ஆகிறது. மாலை நெரிசலில் பாலத்தில் ஏறும்போது இன்னும் என் கண் ஆர்பிஎம் முள்ளைத் தான் பார்க்கிறது. ஹேர் டிரையர் பட்டர்வொர்த்திலேயே இருக்கிறது; அண்ணன் அதை டூல் பெட்டியில் சேர்த்துவிட்டார், திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அது எங்கே என்று இன்றைக்கும் ஒருமுறை கேட்டார்கள்.